ஓய்வெடுப்பது எப்படி: ஜொகூர்க் குடும்பங்களுக்கு ஒரு கடற்கரைக் கையேடு

அக்கா மகள் குடும்பப் புலனத்தில் ஒரு படம் போட்டாள். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே அதைவிட நீலமாய்க் கடல். நடுவில் வைக்கோல் தொப்பி வைத்த ஒரு பெண், கையில் எலுமிச்சைச் சாறுடன் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள். "இந்த வருசம் எல்லாரும் இப்படி ரிலாக்ஸா ஒரு ட்ரிப் போவோம்" என்று கீழே எழுதியிருந்தாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் பதினோரு கட்டைவிரல்கள் உயர்ந்தன. அம்மா மட்டும் எழுத்தில் பதில் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு வீட்ல வேலையே இல்லயா?"

இருபது ஆண்டுகளாக மாசாயிலிருந்து இந்தக் குடும்பத்தைக் கடற்கரைக்கு அழைத்துப் போய் வருகிறவன் நான். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் இரண்டு நாள் மருத்துவ விடுப்பில் படுத்திருக்கிறேன். ஆகவே ஓய்வைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

முதல் படி: கடலைத் தேர்ந்தெடுங்கள்

எப்போதும் மத்தியதரைக் கடலில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் மெர்சிங் என்றால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். பாசார் மாலாமில் பேரம் பேசுவதுபோல மேலே இருந்து இறங்கி வர வேண்டும்.

நாங்கள் சந்தோரினியில் தொடங்கினோம். அது ஓர் எரிமலையின் விளிம்பு என்றும், 2025 பிப்ரவரியில் தரை விடாமல் ஆடியதில் ஆயிரக்கணக்கானோர் தீவைவிட்டே கிளம்பிப் போனார்கள் என்றும் மாமா எங்கோ படித்துவிட்டு வந்தார். சந்தோரினி அடிபட்டது. அடுத்தது வெனிஸ். அங்கே 2024 ஏப்ரலில், குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் வந்துவிட்டுப் போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். "பத்துமலையில முருகனையே சும்மா பாத்துட்டு வர்றோம், இவனுங்க தெருவுக்குக் காசா?" என்றார் மாமா. வெனிஸும் போயிற்று. பார்சலோனாவில் 2024 ஜூலையில் உள்ளூர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகள்மீது பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சி எதிர்ப்புக் காட்டினார்கள். அவமானப்படுவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, சொந்தக்காரர் கல்யாணம் போதும் என்று அதையும் விட்டோம்.

பிறகு புக்கெட், லங்காவி, தியோமான் என்று இறங்கி, மூன்றாவது வாரம் மெர்சிங் வந்து சேர்ந்தோம். அப்போது எல்லார் முகத்திலும் லாபம் பார்த்த களை.

மெர்சிங்குக்கு என்ன குறை? ஆற்று முகத்தில் மீன்பிடிப் படகுகள், குன்றின்மேல் பள்ளிவாசல், அடிவாரத்தில் பழைய கடைவரிசை, எதிரே கடலில் வரிசையாகத் தீவுகள். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் மத்தியதரைக் கடல் ஊருக்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் இல்லை. எனவே காகிதத்தில் எழுதியே பாருங்கள்.

இரண்டாம் படி: தேதி குறியுங்கள்

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். மத்தியதரைக் கடலில் கோடையில் மழை இல்லை, மழை குளிர்காலத்தில். விடுமுறை கோடையில், மழை வேறு பருவத்தில் என்று அவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கிறது. நமக்கு அப்படி இல்லை. ஜொகூரின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும், தீவு விடுதிகள் பல கதவைச் சாத்திவிடும். ஆண்டிறுதி விடுமுறை, தைப்பூசம் ஆகிய இரண்டும் இந்த மழைக்குச் சம்பந்தி முறை. விட்டுப் பிரியாது.

ஆகவே மார்ச்சுக்குப் பிறகு ஒரு வார இறுதியைப் பிடியுங்கள். ஒரு காலத்தில் இதுவே பெரிய கணக்கு. 2014 தொடக்கம் முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். அங்கிருக்கும் அண்ணன் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பொதுவாய் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அந்த ஒரு நாளில் ஓய்வெடுக்க முடியாது என்று பதினோரு ஆண்டுகளாக நிம்மதியாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியது. சாக்கும் போயிற்று.

தேதி முடிவானதும் கோயில் திருவிழா, யார் வீட்டுக் காதுகுத்து, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று பார்த்து அதை மாற்றுங்கள். பிறகு ராகு காலம் பார்த்துக் கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள். எமகண்டத்தை நான் பார்ப்பதில்லை. பயணமே அதுதான்.

மூன்றாம் படி: ஆள் சேருங்கள்

படத்தில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அது நமக்குச் சரிவராது. தனியாக ஒருவர் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் நம் ஊரில் இரண்டு பேர் ஓடி வந்து, என்ன பிரச்சினை என்று விசாரிப்பார்கள்.

குறைந்தது பதினாலு பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வருபவராக இருப்பது அவசியம். எங்களுக்குச் சித்தி இருக்கிறார். 1924இல் திறந்த ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். சின்னப் பிள்ளை நடந்தால் கால் மணி நேரம். சித்தி வெள்ளிக்கிழமை மாலையில் அதைக் கடக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். இடையில் புலனத்தில் பன்னிரண்டு செய்திகள். முதல் செய்தி, "பாலத்துக்கு வந்துட்டேன்". பன்னிரண்டாவது செய்தியும் அதேதான்.

ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் நீரிணையைக் கடக்கலாமாம். சித்தி இனி எதைப் பேசிப் பொழுதைப் போக்குவார் என்பதுதான் எங்கள் கவலை.

நான்காம் படி: மூட்டை கட்டுங்கள்

வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஒரு நாவல். இது அக்கா மகளின் பட்டியல்.

அம்மாவின் பட்டியல்: ஐந்து கிலோ அரிசி, பெரிய ரைஸ் குக்கர், நீட்டு வயர், நெத்திலி சம்பல் இரண்டு போத்தல், புளிக்காய்ச்சல், அவிக்க முட்டை ஒரு தட்டு, ஊறுகாய், தைலம், மூன்று பாய், மழை வந்தால் கட்ட ஒரு தார்ப்பாய், பழைய செய்தித்தாள், கத்தி, கத்தி தீட்ட ஒரு கல்.

"விடுதியில பசியாறக் குடுப்பாங்கம்மா" என்றேன்.

"குடுக்கட்டும். அது அவுங்க சாப்பாடு."

ரைஸ் குக்கரைக் கைலியில் சுற்றி, வேனின் நடு இருக்கையில் வைத்து, பாதுகாப்பு வாரும் போட்டுவிட்டார். இடம் போதாமல் என் தம்பி மகன் அதன் பக்கத்தில் பாதி இருக்கையில் ஒண்டிக்கொண்டான். அவனுக்கு வார் எட்டவில்லை. பிறகு இடத்தை மாற்றினோம். குக்கர் என் மனைவியின் மடிக்குப் போயிற்று. விடுமுறையின் முதல் நாள் முழுக்க அவள் சாய்ந்து உட்கார்ந்த ஒரே இருக்கை அது. அதிலும் மடியில் குக்கர்.

ஐந்தாம் படி: பயணத்தை ரசியுங்கள்

ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங்குக்கு மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வழியாக இரண்டு மணி நேரப் பயணம் என்று கைப்பேசி சொல்லும். கைப்பேசிக்குக் குடும்பம் கிடையாது.

எங்கள் கணக்கு இப்படி: கிளம்பி இருபது நிமிடத்தில் உலு திராமில் பசியாறல், ஏனென்றால் வீட்டில் யாரும் பசியாறவில்லை. கோத்தா திங்கியில் கழிவறை. அங்கே இறங்கியதால் தே தாரிக். தே தாரிக் குடித்ததால் சற்று தூரத்தில் மறுபடி கழிவறை. வழியில் ஒரு கோயில் கோபுரம் தெரிந்ததால் கற்பூரம். டுரியான் வண்டி தெரிந்ததால் மாமா.

கோத்தா திங்கியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை. பிறகு பந்தி மலைக்காடு. யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை, இந்தக் காடுகளில் காட்டு யானைகள் உண்டு. அந்தப் பலகையைக் கண்டதும் வேனில் இருந்த எல்லாரும் "பிள்ளையாரே" என்றார்கள். சாலையோரத்தில் நிறுத்திப் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்டால் நிறுத்தாதீர்கள். யானைக்கும் ஓய்வு வேண்டும்.

இரண்டு மணி நேரப் பயணம் ஐந்தரை மணி நேரத்தில் முடிந்தது.

ஆறாம் படி: உள்ளூர் உணவைச் சுவையுங்கள்

மத்தியதரைக் கடல் ஊருக்குப் போகிறவர்கள் பாஸ்தா சாப்பிடுவதற்காகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கிறார்கள். ஜொகூர்க்காரனுக்கு அந்தத் தேவை இல்லை. நம் லக்சாவிலேயே பாஸ்தா இருக்கிறது.

மற்ற மாநிலங்களில் லக்சாவுக்குப் பெரும்பாலும் அரிசி நூடுல்ஸ். லக்சா ஜொகூருக்கு மட்டும் அசல் இத்தாலிய ஸ்பகெட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுல்தான் அபு பக்கார் ஐரோப்பாவில் சுற்றியபோது இத்தாலியில் ஸ்பகெட்டியைச் சுவைத்துப் பிடித்துப்போய், ஊர் திரும்பியதும் அரண்மனைச் சமையல்காரரிடம் லக்சாவில் போடச் சொன்னார் என்று இங்கே கதை சொல்வார்கள். கதை எப்படியோ, மங்கில் இருப்பது உண்மை. மீனை அவித்து முள் எடுத்து அரைத்து, தேங்காய்ப்பாலோடு கொதிக்கவிட்ட கெட்டிக் குழம்பு. வறுத்து இடித்த தேங்காய் அதில் சேரும். மேலே வெள்ளரி, வெங்காயம், சம்பல், கொஞ்சம் எலுமிச்சை. பழைய முறைப்படி சாப்பிட வேண்டுமென்றால் முள்கரண்டி கூடாது. கையால்தான்.

அப்பா கையால் ஸ்பகெட்டியைப் பிசைந்து உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, "இத்தாலிக்காரன் கரண்டியில சுத்திச் சுத்திச் சாப்பிடுறான், பாவம்" என்றார். மத்தியதரைக் கடல் பகுதி அந்த ஒரு நிமிடம் எங்களுக்குத் தாழ்வாகவே தெரிந்தது.

அன்று இரவு அம்மா விடுதி அறையில் சோறு வைத்தார்.

ஏழாம் படி: கடலில் இறங்குங்கள்

மெர்சிங்குக்கு வடக்கே சற்று தள்ளி ஆயர் பாப்பான் கடற்கரை. நீண்ட மணல், சவுக்கு நிழல், ஆழமில்லாத தண்ணீர். இங்கே செய்ய வேண்டியவை:

பெண்கள் முழு உடையில் கணுக்கால்வரை இறங்க வேண்டும். ஒரு சித்தி மற்றொரு சித்தியின் கையைப் பிடித்திருக்க வேண்டும். அலை வந்ததும் "ஐயோ" என்று கத்திவிட்டுச் சிரிக்க வேண்டும். இதை நாற்பது முறை செய்யலாம். ஆண்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. பாயில் உட்கார்ந்து, பிள்ளைகளை "ரொம்பத் தூரம் போகாத" என்று அதட்ட வேண்டும். மாமா மட்டும் எழுந்து நின்று தியோமான் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு கிளம்புவது ஜொகூரிலிருந்து என்றாலும் தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது, வரியில்லாத் தீவு. அங்கே எதெல்லாம் மலிவு என்பது மாமாவுக்கு எப்படி மனப்பாடம் என்று அத்தை அதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டார்.

இந்தக் கரையில் கடலைப் பார்த்துக் காத்திருந்து ஏமாந்த முதல் கூட்டம் நாங்கள் இல்லை. ஜப்பானியர் கடல் வழியாக வந்து இறங்குவார்கள் என்று ஆஸ்திரேலியப் படை மெர்சிங் கரையில் முள்வேலி இழுத்து, கண்ணிவெடி புதைத்துக் காவல் இருந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் எண்டாவ் பக்கமிருந்து தரை வழியாக வந்தார்கள்.

எங்கள் ஆயா கடலைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை நேர் எதிர்ப்பக்கம் திருப்பி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எண்பது தாண்டிய முதுகு கடலுக்கு. கண் எங்கள் வேன்மீது.

"ஆயா, இந்தப் பக்கம் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு."

"பாத்தாச்சுய்யா. ஏழு நாள் பாத்தாச்சு. ஒன்னும் மாறியிருக்காது."

அவர் வந்தது ரஜூலா கப்பலில். 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973 வரை நம் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. கப்பல் தளத்தில் பாய் விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து வந்தவர்கள்தான் பெரும்பாலோர். ஆயாவுக்கு அப்போது ஒன்பது வயது. பிறகு குளுவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம், விடியுமுன் பிரட்டு, கித்தா மரம், கோட்டுவாளி. கடல் அவருக்கு விடுமுறைக்கு வரும் இடமாக ஒருநாளும் இருந்ததில்லை. அது வந்த வழி. வந்த வழியை யார் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள்?

எட்டாம் படி: ஓய்வெடுங்கள்

இதுதான் கடினமான படி. முன்னேற்பாட்டால் இதை அடைய முடியாது. நாங்கள் அடைந்தது தற்செயலாக.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் தீவுக்குப் படகு. எட்டு மணிக்கே பதினாலு பேரும் மெர்சிங் படகுத்துறையில். ரைஸ் குக்கர் அறையிலேயே இருந்துவிட்டது, அம்மா ஒத்துக்கொண்டதே பெரிது. கடல் பூங்காவுக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தால், முகப்பில் இருந்த மலாய்க்காரத் தம்பி ஆற்றைக் காட்டி, "ஆயிர் சூருட், பாக்சிக்" என்றான். தண்ணி எறங்கிடுச்சு.

மெர்சிங் ஆற்று முகம் ஆழமில்லாதது. கடல் வற்றினால் படகுக்கு வழி இருக்காது, ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் இங்கே படகு நேரம் நாளுக்கு நாள் மாறும். படகு பன்னிரண்டரைக்கு என்றான்.

முதல் அரை மணி நேரம் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். அடுத்த அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் திட்டினார்கள். அதன்பின் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று.

ஒன்பதரைக்கு மாமா பெஞ்சில் கால் நீட்டித் தூங்கிவிட்டார். பிள்ளைகள் கம்பியில் தொங்கியபடி சேற்றில் குதிக்கும் மீன்களை எண்ணினார்கள். படகுகள் சாய்ந்தபடி சேற்றில் படுத்திருந்தன. ஒரு கொக்கு அவற்றின் நடுவே, கடன் வசூலிக்க வந்தவர்போல நிதானமாக நடந்தது. சித்திக்குப் பாலத்தில் பழக்கம், காத்திருப்பது அவருக்கு வீடு மாதிரி. என் மனைவி எதிர் நாற்காலியில் கால் வைத்துச் சாய்ந்திருந்தாள். மடி காலியாக இருந்தது.

அம்மாவைப் பார்த்தேன். வெட்ட வெங்காயம் இல்லை, கழுவப் பாத்திரம் இல்லை, மூட்ட அடுப்பு இல்லை. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையின் உள்பக்கத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பழைய சூட்டுத் தழும்பு. எப்போது பட்டது என்று கேட்டேன். "உனக்கு மூணு வயசு" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நேரம்தான் இருந்ததே.

மத்தியதரைக் கடலில் இது நடக்காது. அந்தக் கடல் பெரிய சமுத்திரத்தோடு ஜிப்ரால்டரில் பதினாலு கிலோமீட்டர் அகல வாசல் வழியாகத்தான் சேர்கிறது. அதனால் அங்கே பெரும்பாலான கரைகளில் கடல் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கே தெரியாது. படகு சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும். பாவம், அவர்களை உட்காரவைக்க ஆள் இல்லை. தொப்பி வாங்கி, சாறு வாங்கி, தாங்களாகவே உட்கார வேண்டியிருக்கிறது. நம்மால் அது ஆகாது. நம்மை யாராவது வழிமறித்து உட்காரவைக்க வேண்டும்.

பதினோரு மணி இருக்கும். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஆயா தன் நாற்காலியை ஆற்றுப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். எதிரே தண்ணீர் இல்லை. சேறும் சாய்ந்த படகுகளும்தான்.

"நாகப்பட்டணத்துல கப்பல் கரைக்கு வராதுய்யா" என்றார், யாரையும் பார்க்காமல். "தூரத்துல நிக்கும். தோணியில போய்த்தான் ஏறணும். எங்கப்பா என்னைய மணல்ல உக்கார வச்சிட்டு, அசையாம இருன்னு சொல்லிட்டுப் போனாரு. காலையில உக்காந்தது, வெயில் சாயுற வரைக்கும்."

"அப்புறம் ஆயா?"

"அப்புறம் என்ன, தோணி வந்துச்சு. அன்னைக்கு உக்காந்ததுதான். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்."

கடைசிப் படி

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது படகு எப்போது கிளம்பும் என்று கேட்காதீர்கள். தண்ணீர் எப்போது வற்றும் என்று கேளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருங்கள். ரைஸ் குக்கரை அறையில் விட்டுச் செல்லவும்.